ஹாக்கி சோறு போடுமா?

ரெங்கத்துக்காரர் ஒருவர் பனித்தளத்தில் கால் வைக்க வேண்டுமென்றால் ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டும். அங்கே பாரடைம் பேரங்காடிக்குள் ஒரு தளம் இருக்கிறது; காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரப்பரும் அதற்குப் பிறகு செம்பனையுமாகத் தலைமுறைகளைக் கழித்த குளுவாங் மாவட்டத்து இந்தச் சிறு பட்டணத்தில், பனியில் சறுக்கியபடி கோல் பிடிப்பதை ஒரு பிழைப்பாக நினைப்பது வேடிக்கையாகத்தான் படும். ஆனால் கைப்பேசியில் கனடா ஆட்டங்களைப் பார்க்கிற பையன்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எட்மண்டன் அணியின் லியோன் டிரைசைட்டில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 1 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர் வாங்குகிறார் என்று மகன் சொன்னால் தகப்பனிடம் ஏதாவது பதில் இருக்க வேண்டும்.

ஹாக்கி இரண்டு வகை. ஒன்று புல்லில் தொடங்கிச் செயற்கைத் தரைக்கு மாறியது. மலேசியத் தமிழர்கள் பல தலைமுறையாக ஆடி, நாட்டுக்காகவும் ஆடியது. மற்றது பனியில் ஆடுவது. கையில் கோல் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. ஆனால் சோறு போடுமா என்று கேட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பனியில் ஆட்டமே வேலை. தரையில் ஆட்டத்துக்காக ஒரு வேலை கிடைக்கும். முதலாவதுதான் உயர்ந்தது என்று பொதுவாக நினைக்கிறோம். எனக்கு அதில் அவ்வளவு உறுதி இல்லை.

முதலில் பனி. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்எச்எல், 1917ல் தொடங்கியது. இன்று 32 அணிகள். ஓர் அணியின் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஆக, உலகம் முழுவதிலுமிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு உச்சியில் இருப்பவை 736 இடங்கள். ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் நடக்கும் தேர்வில் ஏழு சுற்றுகளாக 224 இளைஞர்களை அணிகள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. பெயர் வாசிக்கப்படும்போது பையனுக்குப் பதினெட்டு வயது; கோட்டு சூட்டு போட்டிருப்பான்; அம்மா அழுதுகொண்டிருப்பார். தொலைக்காட்சி அதைத்தான் காட்டும். அந்த 224 பேரில் பெரும்பாலானோர் என்எச்எல்லில் நிலைப்பதில்லை என்பதை அது காட்டுவதில்லை.

அந்த மேடைக்கு வரும் வழி பத்து வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கனடாவில் பிள்ளைக்கு நாலைந்து வயதிலேயே ஸ்கேட் மாட்டிவிடுகிறார்கள். பதினாறு வயதில் திறமைசாலிகள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். ஒண்டாரியோ, கியூபெக், மேற்கு மாகாணங்கள் ஆகிய மூன்று இளையோர் லீக்குகளில் ஏதோ ஒன்று அவர்களை எடுத்துக்கொள்ளும். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, காலையில் பள்ளிக்கூடம், மாலையில் பயிற்சி, வார இறுதியில் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணம் என்று நான்கு வருடம் ஓடும். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும். அதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடக் கல்லூரிச் செலவை லீக் ஏற்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் கல்லூரிக்குப் போனால்தான் அது உண்டு. தொழில்முறை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தால் கைநழுவிப் போகும். ஆக, இருபது வயதுப் பையன் ஒருவன் ஐஸ் ஹாக்கியா படிப்பா என்று முடிவு செய்ய வேண்டிய நாள் அவனுடைய வாழ்க்கையின் மிக முக்கியமான நாளாகிவிடுகிறது. இளையோர் லீக்கில் ஆடியவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் இடமில்லை என்றிருந்த பழைய விதி 2025ல்தான் தளர்ந்தது.

இந்தப் படிக்கட்டின் நடுப்பகுதி யார் கண்ணிலும் படாதது. என்எச்எல்லுக்குக் கீழே அமெரிக்க ஹாக்கி லீக், அதற்கும் கீழே ஈசிஎச்எல். அடிப்படியில் வாரச் சம்பளம். தங்க வீட்டை அணியே கொடுத்துவிடும். பலருடைய ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் எழுதப்பட்டிருக்கும்: மேல் லீக்கில் ஆடும் நாட்களுக்கு ஒன்று, கீழே ஆடும் நாட்களுக்கு வேறு. காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் மேலே. மறுவாரம் இன்னொன்று வந்தால் கீழே. வேறு அணிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற வேண்டும். மனைவி, பிள்ளை, வாடகை வீடு எல்லாம் பின்னால் வரும். வட அமெரிக்காவில் கதவு அடைபட்டவர்களுக்கு சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் என்று ஐரோப்பிய லீக்குகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் நல்ல பணம். பிரிட்டனில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025–26 பருவத்தில் என்எச்எல்லின் மிகக் குறைந்த சம்பளம் 7 லட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலர். மலேசிய வெள்ளியில் முப்பது லட்சத்தைத் தாண்டும். அதில் வருமான வரி போகும், முகவருக்கு ஒரு பங்கு போகும், லீக்கின் வருமானத்தில் பாதிக்கு மேல் வீரர்களுக்குப் போய்விடாதிருக்கப் பிடித்து வைக்கும் ஒரு தொகையும் உண்டு. மிச்சமே பெரிய பணம்தான். அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சம்பளம் எத்தனை வருடத்துக்கு? பெரும்பாலானோருக்கு ஐந்து வருடம்கூட ஓடுவதில்லை. கோர்டி ஹோவ் ஐம்பத்திரண்டு வயது வரை ஆடினார், ஜாரோமிர் யாகர் ஐம்பதைத் தாண்டியும் தம் சொந்த ஊரான கிளாட்னோவின் அணிக்கு ஆடினார் என்பதெல்லாம் விதிவிலக்கு. முப்பது வயதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருட வாழ்க்கை மிச்சமிருக்கிறது.

இனி அந்த வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். ஸ்கேட்டின் அடியில் இருக்கும் உருக்குத் தகடு கத்தி போல ஒற்றைக் கூர்மை கொண்டது என்று நினைப்போம். இல்லை. நடுவில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் குடைந்து, இரு பக்கமும் இரண்டு விளிம்பு நிற்கும்படி தீட்டியிருப்பார்கள். அந்த விளிம்பை நம்பித்தான் ஆட்டக்காரர் திரும்புகிறார், நிற்கிறார், பின்னோக்கிப் போகிறார். பள்ளத்தை ஆழமாக்கினால் பிடி கூடும், வழுக்கும் வேகம் குறையும்; ஆழத்தைக் குறைத்தால் மாறிப்போகும். அது அவரவர் கணக்கு. அணியில் அதைத் தீட்டுவதற்கென்றே ஆள் உண்டு. களத்தில் ஒருவர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம்தான் ஆடுவார். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். பலகையைத் தாண்டி அவர் உள்ளே வர, அடுத்தவர் வெளியே குதிப்பார், ஆட்டம் நிற்காது. பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வட்டு: மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிப்பு, ஏறத்தாழ 170 கிராம். துள்ளாமல் சறுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். பால்மரம் சீவிய ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு அந்த ரப்பரோடு சரி.

கல்போல் உறைந்த ரப்பரும் உருக்கு விளிம்பும் அந்த வேகத்தில் திரியும் இடத்தில் உடம்பு என்னாகும்? மேனி மல்ஹோத்ரா 2011 மார்ச்சில் வான்கூவருக்கு ஆடிக்கொண்டிருந்தபோது பக் இடக்கண்ணில் பட்டது. அதே ஆண்டு இறுதிப் போட்டிக்கு முகமூடித் தடுப்போடு திரும்பினார். பழைய பார்வை திரும்பவில்லை. ஆடம் ஜான்சன் பிட்ஸ்பர்க் அணிக்கு 13 என்எச்எல் ஆட்டங்கள் ஆடியவர். படிக்கட்டில் இறங்கி இறங்கி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அணிக்கு வந்தார். 2023 அக்டோபர் 28 அன்று ஷெஃபீல்டில் எதிராளியின் ஸ்கேட் கழுத்தில் பட்டு இறந்தார்; வயது 29. அதற்கு அப்புறம்தான் கழுத்துக்காப்பைப் பல லீக்குகள் கட்டாயமாக்கின. ஆள் செத்த பிறகு விதி எழுதுவது அங்கும் வழக்கம்தான்.

இதைவிட மோசமானது வெளியே தெரியாத காயம். சண்டை போடுவதற்கென்றே அணியில் வைத்திருந்த ஆட்களில் ஒருவர் டெரெக் பூகார்ட். 2011ல் இருபத்தெட்டு வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள் அடிக்கு மேல் அடி வாங்கி வரும் மூளைச் சிதைவைக் கண்டார்கள். தலைக்காயத்துக்காக முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு 2018ல் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குச் சமரசமானது. முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு நட்சத்திர வீரரின் இரண்டு வருடச் சம்பளம்கூட இல்லை அது.

இத்தனைக்கும் அங்கே ஒரு சங்கம் இருக்கிறது, அது சும்மா வந்ததில்லை. 1957ல் டெட்ராய்ட்டின் டெட் லிண்ட்சே வீரர்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கப் பார்த்தார். கூட்டாளிகளோடு ஓய்வூதிய நிதியின் கணக்கைக் கேட்டார். அவருடைய அணி அவரை சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது, முயற்சி கலைந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றவரை நிர்வாகம் வேறு டிவிஷனுக்கு மாற்றிய கதை தெரிந்தவர்களுக்கு இதில் புதிது எதுவும் இருக்காது. பி.பி. நாராயணனின் தலைமையில் மலாயாவின் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954லேயே நின்றுவிட்டது. உலகத்தின் ஆகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கின் வீரர்களுக்கு நிலையான சங்கம் 1967ல்தான் கிடைத்தது. அந்தச் சங்கத்தை நடத்திய ஆலன் ஈகிள்சனே வீரர்களை ஏமாற்றினார். 1998ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதற்கு முன்பே, கார்ல் புரூவர் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் விடாமல் தோண்டியதால், ஓய்வூதிய நிதியின் உபரி வீரர்களுக்கே சேரும் என்று ஒண்டாரியோ நீதிமன்றம் 1992ல் தீர்ப்பளித்திருந்தது. இன்றைய கோடிகளுக்குப் பின்னால் இந்த நாற்பது வருட வழக்கும் வம்பும் இருக்கின்றன. பையன்கள் பார்க்கும் காணொளிகளில் இது வருவதில்லை.

இந்தப் பனித்தளத்தில் நம் பக்கத்து ஆட்கள் யார்? முதலில் வந்தவர் ராபின் பாவா. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் என்ற மர ஆலை வட்டாரத்தில் பிறந்த பஞ்சாபி. 1989–90 பருவத்தில் வாஷிங்டன் அணியில் தொடங்கி, மொத்தம் 61 என்எச்எல் ஆட்டங்கள். பிறகு மல்ஹோத்ரா. 1998 தேர்வில் ஏழாவது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்ட அவர் 991 ஆட்டங்கள் ஆடினார். பயிற்சியாளராகி, 2025ல் அபோட்ஸ்ஃபோர்டு அணியை அமெரிக்க ஹாக்கி லீக்கின் கால்டர் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். அந்த அணியில் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்ற இன்னொரு பஞ்சாபி ஆடினார். 2008 முதல் பஞ்சாபியில் நேரடி வர்ணனையும் வருகிறது.

ஏன் பஞ்சாபிகள்? வீரம், உடற்கட்டு என்று பேசுவது சோம்பேறித்தனம். நூறு வருடத்துக்கு மேலாக அவர்கள் மேற்குக் கனடாவின் சிற்றூர்களில் இருக்கிறார்கள். ஆலையும் மரக்கட்டையும் இருந்த ஊரில் ஒரு பனித்தளமும் இருந்தது. மூன்றாம் தலைமுறைப் பையன் பள்ளித் தோழர்களோடு அங்கே போனான். ஈழத் தமிழர்கள் பெருமளவில் வந்தது 1983க்குப் பிறகு. வந்து சேர்ந்தது டொரொண்டோவின் ஸ்காபரோ அடுக்குமாடிகளில். இரண்டு வேலை பார்த்த பெற்றோருக்கு, அதிகாலை ஆறு மணிப் பயிற்சிக்குப் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட நேரமும் இருக்கவில்லை, வளரும் காலுக்கு வருடா வருடம் ஸ்கேட் வாங்கப் பணமும் இருக்கவில்லை. தலைக்கவசம், தோள்காப்பு, முழங்காப்பு, கையுறை, ஒரே அடியில் முறிகிற கோல் என்று செலவு நீளும். கனடாவிலேயே இது இப்போது வசதியுள்ளவர்களின் ஆட்டமாகிவிட்டது என்ற புகார் பல வருடமாக இருக்கிறது. ஒரு சமூகம் ஒரு விளையாட்டில் எழுவது அது எந்தத் தெருவில் குடியேறியது என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் இந்த ஆட்டம் லடாக்கின் சொத்து. குளங்கள் உறையும் ஓரிரு மாதத்தில் ஆடக் கற்ற பெண்கள் 2016ல் முதன்முறையாக ஆசியக் கோப்பைப் போட்டிக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றார்கள். 2025ல் அல் அய்னில் வெண்கலம் வாங்கினார்கள். அங்கும் ஆண்களுக்கு வாழ்க்கை நடப்பது ராணுவத்திலும் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையிலும் கிடைக்கும் வேலையால்தான்.

மலேசியாவில்? சன்வே பிரமிட் தளம் 1997ல் வந்தது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. அதற்காக டாமன்சாராவின் எம்பயர் சிட்டியில் அரங்கம் எழுந்தது. தங்கம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இங்கே ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. தளத்துக்கு வாடகை கட்டி ஆடுகிறார்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன ஜூலியன் யீ அலங்காரச் சறுக்குக்காரர். அவரும் பயிற்சிக்கு கனடாவின் பேரி நகரத்தில் போய் இருக்க வேண்டியிருந்தது. ஆக, மலேசியாவில் தொழில்முறை ஐஸ் ஹாக்கி என்று ஒன்று கிடையாது. ரெங்கத்துப் பையனுக்கு இதுதான் நேரான பதில்.

இனி நம் ஹாக்கிக்கு வருவோம். சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

1975 மார்ச், கோலாலம்பூர், உலகக் கோப்பை. அரையிறுதியில் மலேசியா இந்தியாவை முந்தி நின்றது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்து 3–2. மலேசியா நான்காவது இடம். அதற்கு மேல் இன்றுவரை ஏறவில்லை. அந்த மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் இருந்தார்கள். எதிரணியில் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ். வயதானவர்கள் இந்த ஆட்டத்தைப் பேசும்போது இன்னும் குரல் உயர்கிறது.

இவர்கள் ஹாக்கியை நம்பி வாழ்ந்தார்களா? ஹாக்கி அவர்களுக்கு வேலைக்கான கதவைத் திறந்தது என்று சொல்வதே சரி. ரயில்வே, காவல்துறை, ராணுவம், மின்சார வாரியம், பின்னாளில் வங்கிகள், தொலைபேசி நிறுவனம் என்று எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு எழுத்தர் நாற்காலி கிடைக்கும். பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். ஐம்பத்தைந்து வயது வரை சம்பளம், அப்புறம் சேமநிதியோ ஓய்வூதியமோ. கோடி கிடையாது. ஆனால் முப்பது வயதில் முழங்கால் போனால் நாற்காலி போகாது. டெட் லிண்ட்சே கேட்டு உதை வாங்கிய பாதுகாப்பில் பாதி, கேட்காமலே இங்கே ஒரு மின்வாரிய எழுத்தருக்குக் கிடைத்திருந்தது.

இதை ரெங்கத்து வாசகர் இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அந்தக் கதவு தோட்டத்துப் பிள்ளைக்கு எளிதில் திறந்ததில்லை. தோட்டத் திடலில் ஆடியது கால்பந்து. ஹாக்கி இருந்தது பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூல் போன்ற இடங்களில் 1914லேயே தமிழர் தொடங்கிய உடற்பயிற்சிச் சங்கங்களிலும். படித்த வேலைக்கான தகுதியும் அங்கேதான் இருந்தது. கோலையும் நாற்காலியையும் ஒரே கூட்டம் வைத்திருந்தது.

தன்ராஜ் பிள்ளையின் கதை இதற்கு நடுவில் நிற்கிறது. 1968ல் புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானப் பராமரிப்பாளர். அண்ணன் தம்பிகள் முறிந்த கோல்களை ஒட்டவைத்துக் கட்டி ஆடினார்கள். நான்கு ஒலிம்பிக்குகள், நான்கு உலகக் கோப்பைகள். இந்தியாவில் விமான நிறுவனத்து வேலை. வெளியே ஆட்டத்துக்குச் சம்பளம். லண்டன், லியோன், ஷ்டுட்கார்ட், டாக்கா என்று ஆடியவர் மலேசிய லீக்கிலும் ஆடினார். எந்த அணிகளுக்கு? பேங்க் சிம்பானான் நேஷனல், டெலிகோம் மலேசியா. சங்கத்தின் பெயரே வங்கியும் தொலைபேசியும். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அதற்கு அடுத்து அவரையே அணியிலிருந்து நீக்கினார்கள். ஆட்டமே வேலை, ஆட்டத்துக்காக வேலை என்ற இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர் அவர். அவருக்கு இரண்டும் தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலேசிய ஹாக்கி லீக் 1987ல் தொடங்கியது. நிறுவனங்கள் வரும், சில பருவம் கழித்துப் போகும். தலைவர் மாறினால் அணி கலையும். வேலை கொடுத்த இடங்களில் ஒப்பந்தம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு. பழைய ஏற்பாட்டின் பாதுகாப்பு போனது, கனடாக்காரர்களின் பணம் வரவில்லை. இப்போதிருக்கும் ஆட்டக்காரர்கள் இந்த இடுக்கில்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்தத் தலைமுறையின் முகம் எஸ். குமார். கோல்காவலர், நாட்டுக்கு 300க்கு மேல் ஆட்டங்கள். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளி. 2018 ஜகார்த்தா அரையிறுதியில் 2–2 என்றிருந்த ஆட்டம் ஷூட்அவுட்டுக்குப் போக, இந்தியாவை 7–6 என்று வீழ்த்தியது மலேசியா. இறுதியில் ஜப்பான். மலேசியா முன்னணியில் இருந்தும் ஆட்டம் முடியும் தறுவாயில் ஜப்பான் 6–6 ஆக்கி, ஷூட்அவுட்டில் வென்றது. அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். சிட்னி 2000க்குப் பிறகு மலேசிய ஹாக்கி ஒலிம்பிக்கைப் பார்க்கவில்லை. இதற்கும் சோற்றுக்கும் சம்பந்தமுண்டு. மலேசியாவில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கு வாழ்நாள் மாத உதவித்தொகை இருக்கிறது: தங்கத்துக்கு 5,000 வெள்ளி, வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000. ஹாக்கியில் அதை வாங்கியவர் எவருமில்லை. முந்நூறு ஆட்டம் ஆடியவருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

இன்னொரு மாற்றத்தை நாம் போதிய அளவு பேசவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போனது. அதுவரை ஒரு புல்திடலும் நாலு கோலும் போதும். அப்புறம் கோடிக்கணக்கில் செலவாகும் தரை, அதை நனைக்கத் தண்ணீர், விளக்கு. பனித்தளம் எப்படி கனடாவின் ஏழையை வெளியே நிறுத்தியதோ அப்படியே இந்தத் தரை சிற்றூர்ப் பிள்ளையை வெளியே நிறுத்தியது. ஐஸ் ஹாக்கி நமக்கு எட்டாதது என்று சொல்லும்போது, நம் ஹாக்கியும் பாதி அப்படித்தான் ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜொகூரில் 2011 முதல் சுல்தான் ஜொகூர் கிண்ணம் நடக்கிறது. உலகத்தின் நல்ல இருபத்தொரு வயதுக்குட்பட்ட அணிகள் வருகின்றன. நடப்பது ஜொகூர் பாருவின் தாமான் டாயா அரங்கில். பார்க்கலாம், ஆனால் தினமும் ஆடிப் பழக ரெங்கத்திலிருந்து போய்வர முடியாது. கோத்தா திங்கி பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. மாநிலத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கு அந்த விடுதிதான் மெய்யான வாசல். வாசலில் நிற்கும் வயது பன்னிரண்டு, பதின்மூன்று. பதினேழு வயதில் ஆசை வந்தால் காலம் கடந்துவிட்டது.

தமிழ்நாட்டில் ஒரு வித்தியாசமான காரியம் நடந்திருக்கிறது. கோவில்பட்டி தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் மட்டும் பேர்போன ஊர் இல்லை. அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கிக் குழு. செயற்கைத் தரையையும் பயிற்சி விடுதியையும் அரசு அந்த ஊருக்கே கொண்டுபோனது. 2022 ஆசியக் கோப்பைக்கு அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி ஆகிய இருவரும் இந்திய அணியில் இடம்பிடித்தார்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் மலேசியா இடைவேளையில் 3–1 என்று முன்னிலையில் இருந்தது. இந்தியா 4–3 என்று திருப்பிவிட்டது. அடுத்த ஆண்டு ஏலத்தோடு மீண்டும் உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீக்கில் இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் ரூபாய் விலை போனது. என்எச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த லீக் ஆண்டில் சில வாரம்தான். மிச்ச மாதங்களுக்கு இந்திய வீரர்கள் பலருக்கு ரயில்வேயிலோ காவல்துறையிலோ எண்ணெய் நிறுவனத்திலோ வேலை இருக்கிறது. பழையதையும் புதியதையும் அவர்கள் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். நாம் பழையதை விட்டுவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கிறோம்.

எனவே என் தீர்ப்பு: ஐஸ் ஹாக்கி ரெங்கத்துப் பையனுக்குப் பொழுதுபோக்கு, வசதியிருந்தால் ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போங்கள், சந்தோஷமாக ஆடட்டும். நம் ஹாக்கி சோறு போடும், கையில் இன்னொரு வேலையோ படிப்போ இருந்தால். அது மட்டும் போடாது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆறாம் வகுப்புக்குள் பிள்ளைகளை மாவட்டத் தேர்வுக்கு அனுப்ப வேண்டும்; விளையாட்டுப் பள்ளிக்கான விண்ணப்பத்தைத் தகப்பனார் படித்து நிரப்ப வேண்டும். பிறகொரு நாள் ஏதாவது சங்கம் மகனிடம் ஒப்பந்தம் நீட்டினால், தொகையைப் பார்க்குமுன் மூன்று வரிகளைத் தேடுங்கள்: சேமநிதிச் சந்தாவை யார் கட்டுகிறார்கள், சொக்சோ உண்டா, காயம்பட்டு ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் வருமா. அவை இல்லாத தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள்.